பதினாலாம் வகுப்பும் ஒரு பச்சை விளக்கும்

ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு ஐம்பத்தைந்து பஸ்ஸை எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியை தவறவிட்டார். காரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் எழுதிய ஒன்பது வரிகள். அந்த ஒன்பது வரிகளும் ஒரு பழைய கணினியின் மவுஸை ஆள் கை படாமல் நகர்த்தி, ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தன. அவற்றை எழுதிய நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அந்த பஸ் உள்ளுக்கிருந்து வந்து எங்கள் வாசலில் நின்று, தர்மபுரம் தாண்டிப் பரந்தனுக்குப் போகும். அடுத்தது மூன்று மணிக்குக் கிட்ட. கணித ஆசிரியைக்குப் பரந்தனில் வீடு. வீட்டில் நான்கு வயது மகன். பிள்ளைக்குப் பேச்சு வரப் பிந்திவிட்டது. கிளிநொச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கிளினிக் செவ்வாய் பிற்பகலில் மட்டும்தான். பன்னிரண்டு ஐம்பத்தைந்தைப் பிடித்தால், பரந்தனில் இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஏ-ஒன்பது வீதியில் வரும் ஏதாவதொரு பஸ்ஸில் ஏறி நேரத்துக்குப் போய்விடலாம். விட்டால் அந்தக் கிழமை போச்சு. தொடர்ந்து இரண்டு கிழமை வராத பிள்ளையின் இடம், காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது கணினித் திரையின் அடியில் இருந்த ஒரு சின்ன விளக்கு மட்டும்.

நான் அந்தப் பாடசாலைக்குப் பிரதி அதிபராக வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வயது ஐம்பத்திரண்டு, தமிழ்ப் பட்டதாரி, வாசிப்புப் பழக்கம் உண்டு, அதைப் பற்றிப் பேசும் பழக்கம் அதைவிட உண்டு. எனக்கு முன்னர் அந்தக் கதிரையில் இருந்த ஆசிரியை ஓய்வு பெற்று வவுனியாவுக்குப் போய்விட்டார். அவர் என்னிடம் ஒப்படைத்துப் போனவற்றுள் அலுமாரித் திறப்புகள் ஒரு கொத்து, மணி அடிக்கும் இரும்புத் துண்டு ஒன்று, நேரசூசி போடும் கணினி ஒன்று.

அந்தக் கணினியில் ஒரு மென்பொருள் இருந்தது. எந்த ஆசிரியர், எந்த வகுப்பு, எந்தப் பாடம், கிழமைக்கு எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால் நேரசூசி ஒன்றைக் குலுக்கித் தரும். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு இறுவட்டில் கொண்டுவந்து போட்டது. அதைச் செய்த கொம்பனி இப்போது உலகத்தில் இல்லை. புதிய கணினிகளில் அது திறக்கவே மறுத்தது. அதனால் அந்த ஒரு மென்பொருளுக்காகவே அந்தப் பழைய கணினி உயிரோடு வைக்கப்பட்டிருந்தது. பூப்பின்னல் துணியால் மூடி, வெள்ளிக்கிழமைகளில் சந்தனம் வைத்து.

அதன் குணம் இதுதான். ‘உருவாக்கு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். நான்கு நிமிடம் யோசிக்கும். பிறகு ஒரு நேரசூசியைக் காட்டும். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளில் நின்றாலோ, ஒரு வகுப்பு ஆளில்லாமல் இருந்தாலோ அதற்குப் பெயர் மோதல். மோதல்களின் எண்ணிக்கையைத் திரையின் அடியில் எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கைப் போடும். மோதல் ஒன்றும் இல்லையென்றால் விளக்கு பச்சை. பச்சை வருவது அரிது. வராவிட்டால், “சரி” என்று ஒரு பெட்டியை அழுத்தி, “வேண்டாம்” என்று இன்னொரு பெட்டியை அழுத்தி, திரும்பவும் ‘உருவாக்கு’. தானாக இன்னொரு தடவை முயற்சி செய் என்று அதற்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. பட்டியல்கள், மெனுக்கள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். அதைச் செய்தவர்கள் அதற்கு முன்னால் ஒரு மனிதன் எப்போதும் உட்கார்ந்திருப்பான் என்று நம்பியிருக்கிறார்கள்.

எனக்கு முன்னிருந்த ஆசிரியை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் ஒரு கிழமை, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று அழுத்தல்கள், இடையில் குறோசே பின்னல். கணினியை மூடியிருந்த துணி அப்படிப் பிறந்ததுதான் என்று பிறகு அறிந்தேன்.

எனக்குப் பின்னத் தெரியாது. சோம்பல் தெரியும். இரண்டு நாள் அழுத்திவிட்டு, மூன்றாம் நாள் வேறொரு கேள்வி மூளைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது: இந்த மென்பொருளுக்குக் காது இல்லை, நாம் சொல்வதைக் கேட்காது, ஆனால் தன்னை அழுத்துவது யார் என்றும் அதற்குத் தெரியாதே? விரல் என்னுடையதா, இன்னொரு மென்பொருளுடையதா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

இணையத்தில் தேடினேன். என்னைப் போன்ற சோம்பேறிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் எனக்கு முன்னமே கருவிகளும் செய்து வைத்திருந்தார்கள். இலவசமான ஒரு சின்னக் கருவியைப் பென் டிரைவ் ஒன்றில் போட்டுக் கொண்டுவந்தேன். அதற்கு வரி வரியாகக் கட்டளை எழுத வேண்டும். மவுஸைத் திரையின் இடப்பக்கத்திலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி தள்ளிக் கொண்டு போ. அழுத்து. நான்கு நிமிடம் சும்மா இரு. அந்த விளக்கு இருக்கிற புள்ளியைப் பார். அங்கே என்ன நிறம்? பச்சையென்றால் நிறுத்து. இல்லையென்றால் “சரி”, “வேண்டாம்”, பிறகு முதலாம் வரிக்குத் திரும்பிப் போ. காப்பியங்களுக்கெல்லாம் பொழிப்புரை எழுதியவன் நான். எழுதியதை அப்படியே யாரும் செய்வது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

முதல் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆசிரியர் வராத ஏழாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போனேன். திரும்பி வந்தபோது திரை முழுக்கக் கணக்குப் பார்க்கும் சின்னப் பெட்டிகள். எண்ணிப் பார்க்கவில்லை, முப்பதுக்குக் குறையாது. நான் எழுதிய புள்ளிக்கணக்கு, மென்பொருளின் சாளரம் திரையின் நடுவில் திறக்கும் என்று நினைத்து எழுதியது. அன்று அது கொஞ்சம் வலப்பக்கம் விலகித் திறந்திருக்கிறது. ‘உருவாக்கு’ இருந்திருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த கணிப்பான் படம் இருந்திருக்கிறது. கட்டளை தன் கடமையைச் செய்திருந்தது. அதற்குப் பொத்தான் தெரியாது, இடம் மட்டும்தான் தெரியும். மவுஸை நகர்த்துவதற்கு முன் சாளரத்தை மூலையோடு ஒட்டி நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்த நாள் காலை, ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டுக் கட்டளை நின்றிருந்தது. மவுஸைத் தொட்டேன். விளக்கு சிவப்பு, மோதல்கள் ஏழு. இதென்ன பொய் என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். பிறகு ஒன்றும் செய்யாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் போனதும் திரையில் படங்கள் ஓடத் தொடங்கின: போன வருட இல்ல மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டி. கணினி சும்மா இருந்தால் படம் காட்டும்படி யாரோ வைத்திருக்கிறார்கள். மூன்றாவது படத்தில் பச்சை இல்லத்தின் கொடி, சரியாக விளக்கு இருக்கிற மூலையில். என் கட்டளை கொடியைப் பார்த்து நேரசூசி முடிந்துவிட்டது என்று அறிவித்திருந்தது. அந்த இல்லம் அந்த வருடம் கடைசியாக வந்ததாம்.

படக்காட்சியை நிறுத்தினேன். இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். எங்கள் அலுவலக உதவியாளர் இடைவேளைக்குப் போகும்போது மின்சாரம் வீணாகிறதென்று திரையை மட்டும் அணைத்து, துணியையும் போட்டுவிடுவார். அன்று முழுக்க வேலை கெட்டது என்று நான் தலையில் கை வைத்தேன். கெடவில்லை. திரை இருண்டிருந்தாலும் கட்டளை நிறத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நிறம் கண்ணாடியில் இல்லை, பெட்டிக்குள் எங்கேயோ எண்ணாக இருக்கிறது. திரை நமக்குக் காட்டுவதற்கு மட்டும். இதை அறிந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னேன். “அப்ப துணியைப் போட்டுவிட்டே வீட்ட வாங்கோவன்” என்றார் மனைவி.

எல்லாம் ஒழுங்காக ஓடியது. பச்சை மட்டும் வரவில்லை. மோதல் எண்களை ஒரு பழைய வரவுப் பதிவேட்டில் எழுதி வந்தேன். ஐந்து, எட்டு, நான்கு, ஆறு. ஒவ்வொரு முயற்சியையும் அது புதிதாகத் தொடங்குகிறது. போன தோல்வியிலிருந்து எதையும் படிப்பதில்லை. அந்த விஷயத்தில் எனக்கும் அதற்கும் ஒரு நெருக்கம் உண்டாயிற்று.

கோளாறு கட்டளையில் இல்லை, கொடுத்த விவரத்தில்தான் என்று முடிவுசெய்து விவரங்களைத் தோண்டினேன். முதலில், ஓய்வு பெற்ற பிரதி அதிபரின் பெயர் இன்னும் ஆசிரியர் பட்டியலில் இருந்தது. மூன்று சுகாதாரப் பாடங்கள் அவர் பெயரில். பெயரை அழித்து, பாடங்களை மற்றவர்களுக்குப் பகிர்ந்தேன். பிறகு வகுப்புகளின் பட்டியல். எங்கள் பாடசாலை ஆறாம் தரத்தில் தொடங்கிப் பதினோராம் தரத்தோடு முடிகிறது. மொத்தம் பதினொரு வகுப்புகள். பட்டியலில் பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டாவதன் பெயர் ‘14’.

மாணவர் இல்லை. அறை இல்லை. கிழமையில் மூன்றே மூன்று பாடம், மூன்று வெவ்வேறு ஆசிரியர்கள், நேரம் ஆணி அடித்தது போல நிலைநிறுத்தப்பட்டு. விசைப்பலகையில் கை தடுக்கி விழுந்த பிழை என்று நினைத்தேன். இவ்வளவு காலமும் ஒருவரும் கவனிக்கவில்லையே என்று ஒரு சிரிப்பும் சிரித்தேன். தேர்ந்தெடுத்து அழித்தேன். “நிச்சயமாகவா?” என்று அந்த மென்பொருள் கேட்டது. அது என்னிடம் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி. “ஆம்” என்றேன்.

ஒன்பதாவது முயற்சியில் பச்சை.

அதிபரைக் கூட்டி வந்து காட்டினேன். “ஒரு கிழமை எடுக்கிற வேலை எல்லே இது?” என்றார். “நான் வகுப்பில நிக்கேக்க அதுவே செய்திட்டுது” என்றேன், எதையும் பெரிதுபடுத்தாதவன் குரலில். அன்று ஆசிரியர் அறையில் என் செலவில் தேத்தண்ணியும் ரோல்ஸும். திங்கள் காலை நேரசூசியைச் சுவரில் ஒட்டினோம்.

செவ்வாய் இடைவேளையில் கணித ஆசிரியை என் மேசைக்கு வந்தார். மெல்லப் பேசுபவர், மாணவர்கள் அந்த மெல்லத்துக்குத்தான் பயம்.

“சேர், ஒரு சின்னக் கதை.”

“சொல்லுங்கோ டீச்சர்.”

“என்ர பதினாலைக் காணேல்லை.”

“என்ன பதினாலு?”

“பதினாலாம் வகுப்பு, சேர். செவ்வாய் எட்டாம் பாடம் எனக்கு அதுதான் இருந்தது. இப்ப ஒன்பது ஆ போட்டிருக்கிறியள்.”

“டீச்சர், எங்கட பள்ளிக்கூடம் பதினொண்டோட முடியுது.”

“ஓம் சேர், தெரியும்.”

“பிறகு பதினாலு எங்க இருக்கு?”

“பஸ்ஸில இருக்கு, சேர்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைச் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். ஏதோ மணி அடிக்க முன்னமே வீட்டுக்கு வெள்ளெனப் போகிற ஏற்பாடாக்கும் என்று நினைத்துக்கொண்டு, “இந்தக் கிழமை ஒருக்காச் சமாளியுங்கோ டீச்சர். மெசின் போட்டது. ஒரு மோதலும் இல்லை, இனிக் கையை வைச்சால் எல்லாம் குழம்பும்” என்றேன். குறுகிய லீவு கேட்டிருக்கலாம். பாடம் இருக்கிற நேரத்தில் லீவு கேட்பது அவர் பழக்கமில்லை. “சரி சேர்” என்று சொல்லிவிட்டு, எட்டாம் பாடத்துக்கு மணி அடித்ததும் ஒன்பது ஆவுக்குப் போனார்.

வாசலில் பஸ் ஹோர்ன் அடித்தது. ஒரு நிமிடம் நின்றது. இன்னொரு தடவை அடித்தது. போய்விட்டது.

அலுவலக உதவியாளர் ஜன்னலடியில் நின்றிருந்தார். பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் இங்கேயே பிறந்து இங்கேயே கச்சான் கடலை பயிரிடுகிறவர். பேச்சில் மட்டும் மலையின் மரியாதை கரையாமல் இருக்கிறது.

“பஸ் போயிருச்சுங்க சேர்,” என்றார்.

“ஓம், கேட்டது.”

“டிரைவரும் டீச்சரத் தேடிப் பாத்துட்டுத்தாங்க போறாரு. இன்னைக்கி மகனக் கூட்டிட்டுப் போவ முடியாதுங்களே.”

அவரிடமிருந்துதான் பேச்சுக் கிளினிக், செவ்வாய், இரண்டு கிழமை விதி எல்லாம் எனக்குத் தெரிய வந்தது. சமையல் செய்யும் அம்மாவுக்கும் தெரியும், வாசலில் ஐஸ்பழம் விற்பவருக்கும் தெரியும். பஸ் சாரதிக்கும் தெரியும். அதிபருக்குத் தெரியுமா என்றால், இப்படியான விஷயங்கள் தனக்குத் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்தது எனக்கும் கணினிக்கும்.

புதன் காலை வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முன்னைய பிரதி அதிபர் கேட்டதும் சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“பதினாலை அழிச்சுப்போட்டியளோ தம்பி!”

“பிழை எண்டு நினைச்சன் டீச்சர்.”

“பிழைதான். நான் வேணுமெண்டு விட்ட பிழை. உந்த மெசினில ஒரு ஆளுக்கு அரைநாள் மறிக்கலாம், ஒரு பாடம் மட்டும் மறிக்க ஏலாது. எல்லா இடமும் தேடிப் பாத்தனான். அதுக்கு பஸ் எண்டால் என்னண்டு தெரியாது, கோயில் எண்டால் தெரியாது. வகுப்பு எண்டால் தெரியும். ஒரு ஆள் ஒரு வகுப்பில நிக்கேக்க இன்னொரு வகுப்பில போடாது. அதுதான் இல்லாத வகுப்பு ஒண்டு திறந்து, அந்த நேரத்துக்கு ஆளை அங்க நிப்பாட்டினனான்.”

நான் அந்த மென்பொருளை வெளியிலிருந்து ஏமாற்ற ஒன்பது வரி எழுதிப் பெருமைப்பட்டவன். இவர் உள்ளேயிருந்தே, ஒரு வரியும் எழுதாமல், ஒரு இலக்கத்தால் ஏமாற்றியிருக்கிறார்.

“ஏன் பதினாலு, டீச்சர்?”

“பன்ரெண்டு, பதிமூண்டு பிறகு எங்களுக்குக் கிடைச்சாலும் கிடைக்கும். பதிமூண்டுக்கு மேல ஒரு பள்ளிக்கூடத்திலயும் இல்லை, பதினாலு ஒருக்காலும் வராது.”

“இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“பொறுப்புத் தந்த அண்டைக்கு மூண்டு மணித்தியாலம் இருந்தனாங்கள் தம்பி. ரெண்டே முக்கால் மணித்தியாலம் நீங்கள்தான் கதைச்சனீங்கள்.”

அது உண்மை. என்ன கதைத்தேன் என்பது கூட நினைவிருக்கிறது. வாசிப்பின் அவசியம் பற்றி.

யார் யாருக்குப் பதினாலு என்று ஆசிரியர் அறையில் விசாரித்தேன். அதுவும் தவறு. வியாழன் இடைவேளைக்கு முன்பே பதின்மூன்று ஆசிரியர்களில் ஒன்பது பேருக்குப் பதினாலாம் வகுப்பு இருந்தது. வயலுக்கு மருந்தடிக்கப் புதன் ஐந்தாம் பாடம் தனக்குப் பரம்பரையாகப் பதினாலு என்று ஒருவர் சாதித்தார். திரும்பவும் வவுனியாவுக்கு எடுத்தேன்.

“அவரோ? கேட்டவர். நான் குடுக்கேல்லை. நீங்களும் குடாதேங்கோ.”

உண்மையான பதினாலு மூன்றுதான். கணித ஆசிரியைக்குச் செவ்வாய் எட்டு. கிழமை முடிவில் நாயாற்றுக்கு வீட்டுக்குப் போய்வரும் ஆசிரியருக்குத் திங்கள் முதலாம் பாடம். அந்தப் பக்கத்து முதல் பஸ் எங்கள் மணிக்கு வந்து சேராது. பாடசாலைப் பிள்ளையாருக்குப் பூசை ஒழுங்கு செய்பவருக்கு வெள்ளி முதலாம் பாடம். மூன்றையும் திரும்ப உள்ளே போட்டு, ஆணி அடித்து, கட்டளையை ஓடவிட்டேன்.

இந்த முறை விளையாட்டு இல்லை. அடுத்த செவ்வாய்க்கு நான்கு நாள். அந்தச் செவ்வாயும் போனால் பிள்ளையின் இடம் போய்விடும். முதலில் நான் ஓடவிட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். இப்போது பக்கத்திலேயே இருந்தேன். வெள்ளி முழுநாள். சனிக்கிழமையும் உதவியாளரைத் தொல்லைப்படுத்திக் கதவைத் திறக்க வைத்து, காலையிலிருந்து பின்னேரம் வரை. மவுஸ் தானாக ஊர்ந்து போவதும், பொத்தான் அமுங்குவதும், எண் வருவதும். ஐந்து. மூன்று. நான்கு. இரண்டு. ஒன்று வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பிறகு இரண்டு. பிறகும் ஒன்று. பதிவேட்டில் இருநூறுக்கு மேல் எண்கள் சேர்ந்தன. அதில் ‘ஒன்று’ இருபத்தாறு தடவை இருந்தது. பூச்சியம் ஒரு தடவையும் இல்லை.

ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. ‘ஒன்று’ வந்த போதெல்லாம் அந்த ஒரு மோதல் எங்கே என்று பார்த்துக் குறித்திருந்தேன். வகுப்பு மாறும். ஒருமுறை ஒன்பது ஆ, ஒருமுறை ஏழு அ. நேரம் மாறவில்லை. இருபத்தாறு தடவையும் செவ்வாய் எட்டாம் பாடம்.

பொதுவாக இப்படியொன்றைக் கண்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் சாளரத்தை நாற்பது புள்ளி நகர்த்தினால் அதிர்ஷ்டம் மாறுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை உதவியாளர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

“இன்னும் ஒன்னுலதான் நிக்குதுங்களா சேர்?”

“ஓம்.”

“அது என்ன சேர் அந்த ஒன்னு?”

“செவ்வாய் எட்டாம் பாடம் ஒரு வகுப்புக்கு ஆள் இல்லை.”

“பதிமூணு பேருல ஒருத்தருமாங்க?”

“பொறுங்கோ” என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பதின்மூன்று ஆசிரியர். சங்கீதமும் நடனமும் பக்கத்துப் பாடசாலையோடு பங்கு. செவ்வாய்களில் அவர்கள் இடைவேளையோடு அங்கே போய்விடுவார்கள். பதினொன்று. கணித ஆசிரியை பஸ்ஸில். பத்து. வகுப்புகள் பதினொன்று.

எண்ணி முடித்த விரல் அப்படியே நின்றது. பத்துப் பேரைப் பதினொரு வகுப்பில் நிறுத்த எந்தக் குலுக்கலாலும் முடியாது. இருநூறு தடவை அல்ல, அடுத்த வருடம் வரை அழுத்தினாலும் வராது. மூன்றாம் வகுப்புக் கழித்தலை நான் மூன்று நாளாக ஒரு இயந்திரத்தைக் கொண்டு செய்வித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உதவியாளர் இன்னும் நின்றிருந்தார்.

“அந்த நேரம் நீங்க எங்கங்க சேர் இருப்பீங்க?”

“இஞ்சதான்.”

“என்ன சேர் பண்ணுவீங்க?”

“நேரசூசி போடுவன்.”

அவர் ஈ, இலையான் விழாமல் தேத்தண்ணிக் கிளாஸைச் சின்னத் தட்டால் மூடினார். போய்விட்டார்.

எழுந்து அலுமாரியைத் திறந்தேன். கதவின் உட்பக்கத்தில் போன வருட நேரசூசி ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் அந்தக் கதவை நாளுக்குப் பத்துத் தடவை திறந்தவன் நான். செவ்வாய், எட்டு, ஒன்பது ஆ, சுகாதாரம்: அங்கே முன்னைய பிரதி அதிபரின் பெயர் இருந்தது. ‘ஓய்வு பெற்றவர்’ என்று நான் முதலில் அழித்த பெயர். பஸ்ஸுக்கு வகுப்புத் திறந்தவர், அதனால் வருகிற ஓட்டையில் தானே போய் நின்றிருக்கிறார். அவரை அழித்துவிட்டு அந்த இடத்துக்கு நான் புதிதாக யாரையும் போடவில்லை. போட வேண்டிய ஆள் ஒருவன் இருக்கிறான் என்பது கட்டளை எழுதியவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆசிரியர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தேன். மூன்று சுகாதாரப் பாடங்களையும் என் தலையில் போட்டேன். கட்டளையை ஓடவிட்டேன்.

நான்காம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கட்டளை நின்றது. ‘முடிந்தது.’ நான் நம்பவில்லை. மவுஸை அசைத்துப் பார்த்தேன்; கொடி ஒன்றும் இல்லை. எண்ணைப் பார்த்தேன், பூச்சியம். ஆனாலும் ஒரு கடதாசியில் செவ்வாய் எட்டை மட்டும் கையால் எழுதி, பதினொரு வகுப்புக்கும் பதினொரு பெயர் இருக்கிறதா என்று இரண்டு தரம் எண்ணினேன். இருந்தது. கடைசிப் பெயர் என்னுடையது, ஒன்பது ஆ.

சுவரில் புதியதை ஒட்டும்போது கணித ஆசிரியை வந்து பின்னால் நின்றார். விரலால் செவ்வாய் வரியைத் தொட்டு, எட்டுக்குப் போய், அங்கே ‘14’ என்று இருப்பதைப் பார்த்தார்.

“டீச்சர், போன கிழமை... எனக்குத் தெரியாது.”

“நான் சொல்லேல்லைத்தானே, சேர்.”

“நீங்கள் சொன்னனீங்கள். பஸ்ஸில இருக்கு எண்டு சொன்னனீங்கள்.”

அப்போதுதான் அவர் சிரித்தார். “ஒன்பது ஆ கவனம் சேர். கடைசி வாங்கில இருக்கிறவை கேள்வி கேப்பினம்” என்றார்.

அடுத்த நாள் எட்டாம் பாடத்துக்குப் போனேன். பாடம் சமநிலை உணவு. வகுப்பு எழுந்து நின்று வணக்கம் சொல்லி, என்னை மேலிருந்து கீழ் பார்த்து, பார்வை என் சட்டையின் நான்காவது பொத்தானில் வந்து நின்றது. ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு சாப்பிட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன்.

“சேர், நீங்களும் அவ்வளவுதானோ சாப்பிடுறனீங்கள்?” என்றது கடைசி வாங்கு.

“நான் நாலு பேருக்கான சமநிலை,” என்றேன்.

அந்தச் சிரிப்புக்குள் ஹோர்ன் கேட்டது. முற்றத்தைக் குறுக்கறுத்துக்கொண்டு கணித ஆசிரியை குடையும் சாப்பாட்டுப் பையுமாக ஓடினார். முப்பது தலைகளும் ஜன்னலுக்குத் திரும்பின. நான் தடுக்கவில்லை, என் தலையும் அங்கேதான் இருந்தது. சாரதி கையைக் காட்டி ஆறுதலாக வரச்சொன்னார். அவர் ஏறியதும் கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, வகுப்பு வரை கேட்கிற மாதிரி, “றைற்!” என்றார்; பஸ் வெளிக்கிட்டது.

இப்போது அது எனக்கு வழமையான நேரம். சில கிழமைகளுக்குப் பின் ஒரு புதன் காலை, வரவில் கையெழுத்து வைக்கும்போது கணித ஆசிரியை, “சேர், ஒரு சின்னக் கதை” என்றார். அவர் வாயில் அந்தத் தொடக்கம் எனக்கு இன்னும் பயம்.

“சொல்லுங்கோ.”

“அங்க மிஸ் ஒரு மாதமாப் பந்தைக் காட்டிக் காட்டிப் ‘பந்து, பந்து’ எண்டு சொல்லிக் குடுக்கிறா. இவன் வாயே திறக்கிறேல்லை. நேற்றுத் திரும்பி வரேக்க பரந்தனில இறங்கினம். பஸ் வெளிக்கிடேல்லை. இவன் திரும்பி நிண்டு பஸ்ஸைத் தட்டி ‘றைற்’ எண்டான், சேர். பஸ் வெளிக்கிட்டிட்டுது.”

“சத்தியமாவோ?”

“கொண்டக்டர் சிரிச்ச சிரிப்பு. இவனுக்கு இப்ப தான் சொல்லித்தான் பஸ் ஓடுது எண்ட நினைப்பு. காலையில இருந்து கதவு, கதிரை, கோழி எல்லாத்தையும் தட்டி ‘றைற்’ எண்டுறான்.”

ஒரு சொல்லைச் சொன்னால் எதிரே ஒன்று அசைகிறது என்று கண்டுபிடித்த சந்தோஷம் எப்படியிருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும் என்று சொல்ல வந்தேன். முதல் கிழமை பஸ்ஸை விட்டது யாரால் என்பது நினைவுக்கு வந்தது. அதனால், “கோழி வெளிக்கிட்டதோ?” என்று மட்டும் கேட்டேன்.

“ஓம் சேர்,” என்றார் அவர், கையெழுத்தைப் போட்டபடி. “கோழி ஓடினதுதான் அவனுக்குப் பெரிய புழுகம், ஒரே சிரிப்பு.”